துப்பாக்கி உறுப்புக்களும் உலோக முலாமும்

முலாம் என்றவுடன் நம் நினைவிற்கு வருவது வெள்ளி நகைமேற் பூசிய பொன்னே. துப்பாக்கி உறுப்புக்களுக்கு இடும் முலாமோ காட்சிக்குரியதன்று. அதன் பெரும்பயன் கண்ணுக்குப் புலப்படாத உள்ளறையில் விளைவது.

துப்பாக்கி வெடிக்குங்கால் நிகழ்வது யாது? பித்தளைத் தோட்டாக்கூடு வாயுவின் அழுத்தத்தால் விரிந்து, தோட்டாவறையின் சுவரை நெருக்குகின்றது; அழுத்தம் தணிந்ததும் சிறிது சுருங்குகின்றது. உடனே கொக்கியொன்று அதனைப் பற்றி வெளியே இழுத்தெறிதல் வேண்டும். சுவர் வழவழப்பாயிருப்பின் கூடு எளிதில் வழுக்கி வரும். துருவினால் நுண்குழிகள் விழுந்திருப்பின், விரிந்த பித்தளை அக்குழிகளிற் பதிந்து இறுகும். வெற்றுக்கூடு வாராதாயின் அடுத்த தோட்டாவிற்கு இடமேது? எஃகு வலியதேயாயினும் ஈரத்திற் துருவேறுவது; குரோமியமோ அதனினுங் கடியது, துருவிற்கும் எளிதில் இடங்கொடாதது.

இவ்வுண்மை புதிதன்று. 1939-இல் தோன்றிய 99-ஆம் வகை அரிசாகா துப்பாக்கியின் குழலுக்கு ஜப்பானியர் குரோமிய முலாம் இட்டனர். சோவியத் நாட்டார் கலாஷ்னிக்கோவ் துப்பாக்கிக்கும் அவ்வாறே செய்தனர். அங்ஙனமிருந்தும், அமெரிக்கர் வியட்நாமிற்கு முதலில் அனுப்பிய எம்-16 துப்பாக்கிகளின் தோட்டாவறைக்கு அம்முலாம் இல்லை. வெடிமருந்தும் மாற்றப்பட்டிருந்தது, துடைப்புக் கருவிகளும் போதுமானவை வழங்கப்படவில்லை. காட்டின் ஈரத்தில் அறை துருவேறிற்று, கூடுகள் சிக்கின. பகைவர் எதிர்நிற்க, வீரர் குழல்வாயிற் கம்பியை விட்டுக் கூட்டைக் குத்தித் தள்ளவேண்டியவராயினர். அந்நிலையில் மாண்டோரும் உளர். அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழுவொன்று 1967-இல் இதனை ஆராய்ந்து படைத்துறையைக் கடிந்துரைத்தது. அவ்வாண்டிலேயே அறைக்கும், பின்னர்க் குழல் முழுமைக்கும் குரோமியம் இடப்படலாயிற்று. குறை முலாமின்மை ஒன்றே என்பது பிழையாகும். எனினும் தலைமயிரின் பருமனுங் கொள்ளாத ஒரு படலம் எத்துணை உயிர்களைக் காத்திருக்கும்!

வேதிநூல் மாணவர்க்குச் சுவைதருவது பிறிதொரு முறை. மின்சாரத்தால் இடும் முலாம் விளிம்பில் தடித்தும் குழிவில் மெலிந்தும் படிவது. 1946-இல் பிரென்னர், ரிடல் என்னும் அமெரிக்க அறிஞரிருவர், மின்சாரமின்றியே, சோடியம் ஹைப்போபாஸ்பைட்டின் வினையால் நிக்கல் படியும் முறையை வெளியிட்டனர். இதிற் படலம் மூலைமுடுக்கெங்கும் ஒரே சீராகப் படியும். இந்நாளில் நிக்கலோடு போரான் சேர்ந்த முலாமைத் தாழிற்கும் அதனைத் தாங்கி ஓடும் உறுப்பிற்கும் இடுகின்றனர். உராய்வு குறையும், படிந்த கரியும் துணியால் துடைக்க எளிதில் அகலும்.

முலாமிட்டபின் எண்ணெயே வேண்டா என்பார் கூற்று ஏற்கத்தக்கதன்று. அடியிலுள்ள எஃகைச் செவ்வனே தூய்மை செய்யாது இட்ட முலாம் செதிலாய் உரியும். உரிந்த துணுக்கு இயங்குறுப்புக்களிடையே சிக்கின், முலாமே இடாதிருத்தல் நன்று.