எடையை எழுதும்போது அலகையும் எழுதுங்கள்

ஒன்றரை வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல். எடை எவ்வளவு என்று மருத்துவர் தொலைபேசியில் கேட்கிறார். “இருபத்திரண்டு” என்கிறார் தந்தை. அந்த வயதில் 22 கிலோகிராம் எடை இயல்பன்று. விசாரித்தால், அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த எடைக்கருவி பவுண்டில் காட்டியது தெரியவருகிறது. குழந்தையின் எடை 10 கிலோகிராம்தான்.

இந்தியாவில் மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. ஆயினும் இன்று விற்கப்படும் மின்னணு எடைக்கருவிகள் பலவற்றின் அடியில் அலகை மாற்றும் சிறு பொத்தான் உண்டு. கை தவறி அதை அழுத்திவிட்டால் கிலோகிராம் பவுண்டாக மாறிவிடும்.

இதனால் விளையும் தீங்கு

குழந்தைகளுக்கான மருந்தின் அளவு பெரும்பாலும் எடையைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. காய்ச்சலுக்கான பாராசிட்டமாலை ஒரு வேளைக்குக் கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் கணக்கிட்டால், 10 கிலோகிராம் குழந்தைக்கு 150 மில்லிகிராம் தேவை. 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் கொண்ட மருந்தானால், அது 3 மில்லிலிட்டர். எடையை 22 கிலோகிராம் எனக் கொண்டால் 6.6 மில்லிலிட்டர் ஆகிவிடும். அதாவது இருமடங்குக்கும் மேல். இவ்வளவு மருந்து வேளைதோறும் தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். மாறாக, கிலோகிராமைப் பவுண்டு எனக் கருதினால் பாதிக்கும் குறைவான மருந்தே சேரும், நோய் தணியாது.

மாற்றும் முறை

1 பவுண்டு என்பது 0.4536 கிலோகிராம், 1 கிலோகிராம் என்பது ஏறத்தாழ 2.2 பவுண்டு. மனக்கணக்காகச் செய்ய எளிய வழி உண்டு.

பவுண்டிலிருந்து கிலோகிராமுக்கு: பாதியாக்கி, வந்த விடையில் பத்தில் ஒரு பங்கைக் கழிக்கவும். 22இல் பாதி 11, அதில் 1.1 கழித்தால் 9.9.

கிலோகிராமிலிருந்து பவுண்டுக்கு: இரட்டித்து, வந்த விடையுடன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டவும். 10இன் இருமடங்கு 20. அதனுடன் 2 கூட்டினால் 22.

இது சரிபார்ப்பதற்கான கணக்கு மட்டுமே. மருந்தின் அளவை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அவுன்சில் ஓர் எச்சரிக்கை

ஒரு பவுண்டுக்கு 16 அவுன்சு, பத்து அன்று. ஆகவே 5 பவுண்டு 10 அவுன்சை 5.10 என எழுதக் கூடாது. அவ்வெடையில் பிறந்த குழந்தை உண்மையில் 2.55 கிலோகிராம் இருக்கும். 5.10 பவுண்டு எனக் கணக்கிட்டால் 2.31 கிலோகிராம் என வரும். பிறப்பு எடை 2.5 கிலோகிராமுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்று கொள்வதால், நலமான குழந்தையைப் பற்றி வீண் கவலை எழும்.

நினைவில் கொள்க

1. எடை பார்க்கும் முன், கருவியின் திரையில் உள்ள அலகைப் பாருங்கள்.
2. எண்ணுடன் அலகையும் சேர்த்தே எழுதுங்கள். சொல்லும்போதும் அவ்வாறே சொல்லுங்கள்.
3. சென்ற முறை குறித்த எடையுடன் ஒப்பிடுங்கள். திடீரென இருமடங்காகவோ பாதியாகவோ தோன்றினால், முதலில் அலகைச் சரிபாருங்கள்.
4. இதயச் செயலிழப்புக்காக நாள்தோறும் எடை பார்ப்பவர்கள் ஒரே கருவியை, ஒரே அலகில் பயன்படுத்துங்கள். மூன்று நாட்களுக்குள் 2 கிலோகிராமுக்கு மேல் கூடினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பவுண்டில் அது 4.4 ஆகும்.

ஐயம் எழுந்தால், மருந்து கொடுக்கும் முன்பே கேளுங்கள்.