கொடுத்தது யார்? ஒரு எழுவாய்ப் பாடம்

இந்த மாசம் கோடிங் இல்ல, கொஞ்சம் இலக்கணம். ஸ்கூல்ல எழுவாய், பயனிலை படிச்சது ஞாபகம் இருக்கா? ஒரு அரசியல் தலைவருக்குக் கருணை பிம்பம் எப்படி உருவாகுதுன்னு புரிஞ்சுக்க, அந்த எழுவாய் போதும்.

2013 பிப்ரவரியில் சென்னையில் அம்மா உணவகங்கள் தொடங்கின. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். நடத்தியது மாநகராட்சி, சமைத்தது சுயஉதவிக் குழுப் பெண்கள், செலவானது பொதுப்பணம். பல பேரோட பசி ஆறியது உண்மை. ஆனா டிவியிலும் பேனரிலும் வந்த வாக்கியம் வேற: ‘அம்மா கொடுத்தார்’. மாநகராட்சி, பெண்கள், வரிப்பணம் மூணுமே காணோம். எழுவாய் மாறிடுச்சு!

அப்புறம் அம்மா குடிநீர், அம்மா உப்பு, அம்மா சிமெண்ட். பெயரும் படமும் தினமும் கண்ணில் பட்டா, திட்டம் மறைஞ்சு முகம் மட்டும் மனசுல நிக்கும். இது ஒரு கட்சியோட பழக்கம் மட்டும் இல்ல. 2009-ல் வந்த காப்பீட்டுத் திட்டத்துக்கும் கலைஞர் பெயர்தான். அப்போ கலைஞர் டிவியும் இருந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்த உத்தி சறுக்கியது. அடையாறு கரை மீறி ஈக்காட்டுத்தாங்கல் மூழ்கியது. ஜெயா டிவி அலுவலகம் இருப்பதும் இதே ஏரியாதான். தன்னார்வலர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொட்டலங்களிலும் முதல்வர் ஜெயலலிதாவின் ஸ்டிக்கர் ஒட்டப்படுவதாகப் புகார் எழுந்தது. வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. பொட்டலம் கட்டினது யார்னு மக்களுக்குத் தெரியும். அதனால இந்த முறை எழுவாயை மாத்த முடியல. 2016 தேர்தலில் அ.தி.மு.க. ஆட்சியைத் தக்கவைத்தது, ஆனால் சென்னையின் 16 தொகுதிகளில் கிடைத்தது 6 மட்டுமே. வெள்ளம் மட்டும்தான் காரணம்னு சொல்லிட முடியாது.

இதுல நமக்கு என்ன நஷ்டம்னு கேக்கறீங்களா? தானம்னா நன்றி சொல்லணும். நம்ம பணம்னா கணக்கு கேட்கலாம். நன்றி சொல்லிப் பழகிட்டா, செம்பரம்பாக்கம் ஏரியை ஏன் அப்படித் திறந்தாங்கன்னு கேட்க வாய் வராது. அந்த வெள்ளம் மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர்னு தணிக்கைத் துறை அறிக்கை சொன்னதே 2018-ல்தான்.

இப்போ ஹோம்வொர்க். அடுத்த முறை ஒரு தலைவர் உதவி வழங்கும் போட்டோ உங்க போனுக்கு வந்தா மூணு கேள்வி கேளுங்க. பணம் யாரோடது? வேலை செஞ்சது யார்? கேமராவைக் கூட்டிட்டு வந்தது யார்? பதிலை வெச்சு, சரியான எழுவாயோட அந்த வாக்கியத்தைத் திருப்பி எழுதிப் பாருங்க. ஃபார்வர்டு பண்றதை அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.