சாப்பாட்டு மேசையில் ஒரு காரியாலயம்

எங்கள் ராத்தா கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறார். 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தவர், இன்றும் பெரும்பாலும் எங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் வேலை பார்க்கிறார். ஒரு மாத முடிவில், அவர் லுஹர் தொழப் போயிருந்த நேரம், மாதிரி வினாத்தாள் ஒன்றைப் பார்க்க என் பென் டிரைவை அந்தக் கணினியில் செருகிவிட்டேன். சற்று நேரத்தில் எச்சரிக்கை ஒன்று தோன்றியது. அதன்பிறகு காரியாலயத்தின் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. கணக்கு முடிக்க வேண்டிய நாளில் ராத்தாவின் அரைநாள் வீணானது. அவர் ஏசவில்லை. "என்ன நடந்ததென்று விளங்கிக்கொள், இரு" என்றார்.

முன்பெல்லாம் நிறுவனத்தின் கணினிகள் ஒரே கட்டடத்தில் இருந்தன. வாசலில் தீச்சுவர் காவல் நின்றது. வெளியே இருப்பவர் உள்ளே வர வீ.பி.என் என்னும் மறைகுறியாக்கிய சுரங்கப்பாதை இருந்தது. இதன் குறை, பாதையைக் கடந்தவரைப் பெரும்பாலும் வீட்டுக்காரராகவே நம்பிவிடுவது. அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்கு 2021இல் நேர்ந்தது இதுதான். பாவனையில் இல்லாத, ஆனால் மூடப்படாத ஒரு வீ.பி.என் கணக்கு, வெளியே கசிந்த ஒரு கடவுச்சொல், இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. மே 7ஆம் திகதி, சுமார் 8,850 கிலோமீற்றர் நீளமான எரிபொருள் குழாய்வழியையே நிறுத்த வேண்டியதாயிற்று. கப்பமாக ஏறத்தாழ 44 இலட்சம் டொலர் கொடுத்தார்கள். கிழக்குக் கரையோரத்தில் பெற்றோலுக்கு வரிசை நின்றது. வரிசை என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

இப்போது ராத்தாவின் மின்னஞ்சலும் கணக்கு மென்பொருளும் கொழும்புக் கட்டடத்தில் இல்லை. மேகக் கணிமையில், தொலைதூரத் தரவு மையங்களில் இருக்கின்றன. ஆகவே காவலும் அங்கேயே போய்விட்டது. கேட்பவர் யார், எந்தக் கணினி, அது நோயில்லாமல் இருக்கிறதா, கேட்கும் கோப்பு அவருக்குரியதா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்த பிறகே கதவு திறக்கும். 'யாரையும் முன்கூட்டி நம்பாதே' என்ற இந்த முறைக்கு, ஜோன் கிண்டர்வாக் என்ற ஆய்வாளர் 2010இல் 'சீரோ டிரஸ்ட்' என்று பெயரிட்டுப் பரப்பினார். ராத்தாவுக்குக் கணக்குப் புத்தகம் திறக்கும். மற்றவர்களின் சம்பளப் பட்டியல் திறக்காது. அன்று என் பென் டிரைவில் இருந்த கெட்ட கோப்பைக் கண்டதும், ராத்தாவின் கடவுச்சொல் சரியாகவே இருந்தும், அந்தக் கணினியை மட்டும் வெளியே நிறுத்தினார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. காவல்காரனே தவறினால்? அதுவும் நடந்திருக்கிறது. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஓர் இற்றைப்படுத்தலால், மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் முடங்கின. விமானங்கள்கூடத் தரையில் நின்றன. பாதுகாப்பை ஒரே இடத்தில் ஒப்படைப்பதன் விலை அது. என்றாலும் எங்களைப் போன்ற வீட்டில், சின்னத் தம்பியின் விளையாட்டும் வாப்பாவின் கைத்தொலைபேசியும் ஒரே வைபையில் ஓடும்போது, பழைய சுவரைவிட இதுவே பொருத்தமென்று எனக்குப் படுகிறது.

இப்போது ராத்தா தொழ எழும்பும்போது இரண்டு விசைகளை அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டே போகிறார். வினாத்தாளை நான் உம்மாவின் தொலைபேசியில் பார்க்கிறேன்.