கடலைப் பார்க்காத கல்

அன்புள்ள தங்கைக்கு,

நீ விற்கும் கற்களை வைத்து அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. ஒவ்வொரு கல்லோடும் ஒரு சீட்டு, கையெழுத்து அழகு. உள்ளே சுருள்சுருளாக நத்தை ஓடு தெரியும் பழுப்பு அகேட்டைத்தான் முதலில் எடுத்தேன். ‘டரிடெல்லா அகேட். ஆழ்கடலின் ஆற்றல், மனக்கலக்கம் தீர்க்கும்’ என்று எழுதியிருக்கிறாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டரிடெல்லா கடல் நத்தைதான். ஆனால் அமெரிக்காவில் வயோமிங் பக்கம் எடுக்கும் இந்தக் கல்லில் இருப்பது எலிமியா என்கிற நன்னீர் நத்தை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய ஏரிகள் இருந்தன. அடிச்சேற்றில் குவிந்த ஓடுகளுக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி ஊறிக் கல்லானது. யாரோ தப்பாக வைத்த பெயர், வியாபாரத்தில் ஒட்டிக்கொண்டது. கடலையே பார்க்காத கல்லுக்கு நீ கடலைக் கொடுத்துவிட்டாய்!

சீட்டில் ஏரி, நத்தை, 5 கோடி ஆண்டு என்று மட்டும் எழுது. அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்தால் அதுவே உனக்கு லாபம். நோய் தீர்க்கும் என்று மட்டும் எழுதாதே. 2001-இல் லண்டனைச் சேர்ந்த உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச், 80 பேரில் சிலருக்கு அசல் படிகத்தையும் சிலருக்குப் போலியையும் கொடுத்துப் பார்த்தார். உள்ளங்கையில் சூடு, குறுகுறுப்பு என்று இரு சாராரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். உன்னிடம் வருபவர்கள் சொல்வதும் பொய்யல்ல; ஆனால் அது கல் செய்த வேலையல்ல.

அம்பர் மணிகளில் இரண்டு, கோபல். அதுவும் மரப்பிசின்தான், வயது போதாது. மறைவான ஓரத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டேன், பிசுபிசுத்தது. உன்னிடம் விற்றவரிடம் கேள். பல் முளைக்கும் குழந்தைக்கு அம்பர் மாலை கேட்டு வருவார்கள். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்காதே. 18 மாதக் குழந்தை ஒன்று பகல் தூக்கத்தில் அந்த மாலை கழுத்தை இறுக்கி இறந்ததைச் சொல்லி, 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

கல் ஊறிய தண்ணீரைக் குடிக்கச் சொல்லும் வழக்கமும் வேண்டாம். சில அம்மோனைட் புதைபடிவங்களில் பொன்போல மின்னுவது பைரைட். ஈரம் பட்டால் அரித்து அமிலமாகும். கட்டி, காய்ச்சல் என்று வருபவரிடம் காசு வாங்காமல் டாக்டரிடம் அனுப்பு.

கடைசியாக அந்தக் கல்மரத் துண்டு. அதன் சீட்டில் மட்டும் ஊர் இல்லை. திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டு வயதான கல்மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்து வருகிறது. அங்கிருந்து வந்ததென்றால் விற்காதே. நானும் வருகிறேன், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம்.

அன்புடன்,
அண்ணன்