மயக்கியவள் மட்டுமா?

திரைப்படத்தில் ஓர் ஆண்மகன் கெட்டுப்போனால், அவனருகே ஓர் அழகி நிற்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். நம் பழங்கதைகளில் மோகினி. பிரெஞ்சு மொழியில் 'ஃபாம் ஃபத்தால்', அதாவது ஆணை அழிவுக்கு இழுப்பவள். "நல்ல பெடியன், அவள்தான் மயக்கிப்போட்டாள்" என்று நம் வீடுகளிலும் சொல்வதுண்டு. இக்கூற்றைச் சற்றுச் சோதித்துப் பார்ப்போம்.

இவ்வகைப் படங்களுள் பெயர்பெற்றது, பில்லி வைல்டர் 1944இல் இயக்கிய 'டபிள் இன்டெம்னிட்டி'. சில விபத்து மரணங்களுக்கு இரட்டிப்புப் பணம் வழங்கும் காப்புறுதி ஏற்பாட்டையே தலைப்புக் குறிக்கிறது. வால்டர் நெஃப் ஒரு காப்புறுதி முகவன். மோட்டார் காப்புறுதியைப் புதுப்பிக்கச் சென்ற வீட்டில் ஃபிலிஸ் என்ற மனைவியைச் சந்திக்கிறான். கணவன் அறியாமல் அவர்மீது விபத்துக் காப்புறுதி எடுக்கலாமா என்று அவள் பின்னர் கேட்கிறாள். முடிவு கொலை.

பார்த்தவர்கள் ஃபிலிஸைத்தான் நினைவில் வைத்திருப்பர். ஆனால் கதை முழுவதும், குண்டடிபட்ட நெஃப் இரவில் அலுவலகத்தில் இருந்து ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லும் வாக்குமூலம். அவளை அவன் வாயால்தான் அறிகிறோம். அவள் பக்கத்தைக் கேட்பதேயில்லை. அவனோ, கம்பனியை ஏமாற்றும் வழியை அவளைக் காணுமுன்பே மனத்துள் கணக்குப் போட்டு வந்ததாகத் தானே ஒத்துக்கொள்கிறான். இரட்டிப்புப் பணத்துக்காக ரயில் விபத்தாகக் காட்டத் திட்டமிட்டவன் அவன். காரின் பின்னிருக்கையில் ஒளிந்திருந்து கொன்றவனும் அவனே. ஃபிலிஸ் குற்றமற்றவள் அல்லள். அந்தக் காரை ஓட்டியவள் அவள். ஆனால் அவள் கதவைத் தட்டியபோது உள்ளே ஆள் ஆயத்தமாக இருந்தான்.

தாவீது அரசன் உரியாவின் மனைவியைக் கண்டபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நாத்தான் இறைவாக்கினர் அவள் அழகைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அரசனையே குற்றவாளி என்றார். அரசனும் அவள்மேல் பழி போடவில்லை.

வளர்ந்த பிள்ளைகளுடன் இப்படத்தைப் பார்க்கும் பெற்றோர் ஓரிடத்தில் நிறுத்திப் பேசலாம். அவள் எண்ணத்தைப் புரிந்துகொண்ட நெஃப், முடியாதென்று முதலில் எழுந்து போய்விடுகிறான். பியர் குடிக்கிறான், விளையாடப் போகிறான், வீடு திரும்பி இருட்டில் இருக்கிறான். பிறகுதான் அவள் வந்து மணி அடிக்கிறாள். பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்ட கீஸ் என்ற அதிகாரி அவனுடைய நெருங்கிய நண்பர். அந்த இடைவேளையில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை அவன் கடைசியில்தான், தோளில் குண்டுடன், ஆளில்லாத அறையில் ஒரு கருவியிடம் சொல்கிறான்.