செவியும் நாவும்: வீட்டில் செய்யக்கூடிய பேச்சுப் பயிற்சி விளையாட்டுகள்



மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாத கொன்னைவாயன் ஒருவனை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். அவர் செய்ததை வரிசையாகக் கவனியுங்கள். முதலில் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் போனார். பிறகு காதுகளில் விரல் வைத்தார். அதன் பின்னரே நாவைத் தொட்டார். பேச்சுப் பயிற்சிக்கும் இந்த வரிசை பொருந்தும்.

அன்னப்பிளவுடன் பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை சில மணி நேரத்தில் முடியும். ஆனால் நாக்கு பழைய பழக்கத்தை விட்டு ஒலிகளைப் புதிதாகக் கற்க மாதக்கணக்காகும். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது.

1. தனியே

பிள்ளையைச் சபைக்கு முன் நிறுத்தி "சரியாகச் சொல்" என்று வற்புறுத்தாதீர்கள். தினமும் இருவேளை, ஐந்தைந்து நிமிடம், தாயும் பிள்ளையும் கண்ணாடி முன் உட்கார்ந்தால் போதும்.

2. செவி

முதலில் காது பரிசோதனை அவசியம். காது நன்றாயிருந்தும் "காக்கா"வைத் "தாத்தா" என்று சொல்லும் பிள்ளைக்குப் பல்லாங்குழி உதவும். நீங்கள் "காய்" என்றால் வலக்குழியில் ஒரு புளியங்கொட்டை, "தாய்" என்றால் இடக்குழியில் ஒன்று. அடுத்து "கட்டு", "தட்டு". பிள்ளை பேசவே வேண்டாம். வேறுபாட்டைக் கேட்டுப் பிரித்தால் போதும்.

3. நா

நன்னூல் தந்த பவணந்தி முனிவர் பெருந்துறை அருகேயுள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்பது கொங்கு நாட்டு வழக்கு. உதடுகள் சேர ப, ம பிறக்கும். நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்த க, ங பிறக்கும் என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே அவர் விளக்கிவிட்டார்.

வாய்முன் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்து "ப" சொல்லச் செய்யுங்கள், காகிதம் அசையும். "ம" சொல்லும்போது மூக்கில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். "க" வராத பிள்ளைக்கு நம் ஊர்ப் பேச்சே துணை. "சரிங்க", "வாங்க" என்று சொல்லச் சொல்ல நாக்கின் பின்பகுதி எழும்பிப் பழகும்.

பிறகு சந்தைக் கடை வைக்கலாம். பிள்ளை கடைக்காரர், கத்தரிக்காய், தக்காளி, கீரை விற்பனை. பிள்ளை "தீரை" என்றால் சிரிக்காமல், "கீரைதானுங்க வேணும்" என்று சரியாகச் சொல்லி வாங்குங்கள். திருத்தியதாகவே தெரியாது. பாண்டி ஆடும்போது கட்டத்துக்கு ஒரு சொல். ஒலி, அசை, சொல், வாக்கியம், கதை என்று படிப்படியாக ஏறுங்கள். ழ, ற போன்றவை பல பிள்ளைகளுக்குத் தாமதமாகவே வரும், அவசரம் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: பலூன் ஊதுவதும் மெழுகுவர்த்தி அணைப்பதும் வெறும் விளையாட்டே. அவற்றால் எழுத்து திருந்தாது. பேச்சு பேசித்தான் வரும்.

பிரியமானவர்களே, அறுவை சிகிச்சைக்கு மனமுவந்து கொடுக்கிறோம். முகத்தில் தெரியும் மாற்றம் நம்மை மகிழ்விக்கிறது. அதன்பின் வரும் பயிற்சிக்குக் கொடுக்க மறந்துவிடுகிறோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்டு வேலை செய்யும் தாய்க்கு, ஒரு நாள் பயிற்சிக்கு வருவது ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் இழப்பதாகும். அந்தச் செலவைத் தாங்கும் காணிக்கையும் நாவின் கட்டை அவிழ்க்கும் ஊழியமே. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, திக்கித் திணறும் பிள்ளை பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். அதற்குப் பணம் தேவையில்லை.

இப்பிள்ளைகளையும் அவர்கள் தாய்மாரையும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.