விண்டோஸை விடாமலே உபுண்டு: ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்

சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துக் கொடுப்பவர்கள் விண்டோஸை விட முடியாது. தெலுங்குக்கு அனு ஸ்கிரிப்ட், பக்கம் அமைக்கப் பேஜ்மேக்கர், கணக்குக்கு டாலி என்று எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. பழைய கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அப்படியானால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்: பத்திரிகை வேலைக்கு விண்டோஸ், பேங்குக்கும் நெட்டுக்கும் உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம்.

தேவையானவை

8 ஜிபி பென் டிரைவ், வட்டில் குறைந்தது 60 ஜிபி காலியிடம், பேக்கப் எடுக்க வெளி ஹார்ட் டிஸ்க். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் கட்டாயம். பார்ட்டிஷன் பிரிக்கும்போது கரண்ட் போனால் விண்டோஸே போய்விடலாம். ரேம் 8 ஜிபி இருந்தால் உபுண்டு 24.04; 4 ஜிபிதான் என்றால் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

செய்முறை

1. வாடிக்கையாளர் ஃபைல்கள், போட்டோக்கள், அனு எழுத்துருக்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் ஏற்றுங்கள். ஓரிரண்டைத் திறந்தும் பாருங்கள்.

2. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பூட் வரிசை மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

3. கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை அணையுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாது. டி டிரைவை உபுண்டுவில் திறந்தாலும் எழுத முடியாமல் போகும்.

4. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை ‘ஷ்ரிங்க்’ செய்து 60 ஜிபி பிரியுங்கள். அதை ஃபார்மட் செய்யாமல் வெற்றிடமாகவே விடுங்கள்.

5. உபுண்டுவின் ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்னும் மென்பொருள் மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள். விண்டோஸ் யுஇஎஃப்ஐ முறையில் இருந்தால் பென் டிரைவையும் அதே முறையில்தான் பூட் செய்ய வேண்டும். எந்த முறை என்பது ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷ’னில் தெரியும்.

6. பென் டிரைவைச் செருகி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9.

7. நிறுவும் முன் ‘ட்ரை’ முறையில் வைஃபை, சவுண்ட், பிரிண்டர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், விண்டோஸோடு சேர்த்து நிறுவும் ‘அலாங்சைட்’ தேர்வை அழுத்துங்கள். ‘எரேஸ் டிஸ்க்’ பக்கம் போகவே வேண்டாம். அது விண்டோஸையும் சேர்த்துத் துடைத்துவிடும்.

8. நேர மண்டலமாகக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். முடிந்ததும் பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் எந்த இயங்குதளம் என்று கேட்கும் மெனு வரும். வராமல் நேரே விண்டோஸ் திறந்தால், பயாஸில் பூட் வரிசையில் உபுண்டுவை முதலில் வையுங்கள்.

நிறுவிய பிறகு

உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கலாம். உபுண்டு உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. திருமலை 300 ரூபாய் தரிசன டிக்கெட் திறக்கும் வேளைக்குக் காத்திருப்பவருக்கு இது பெரிய வம்பு. டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளை வழியே லோக்கல் ஆர்டிசி அமைப்பை 1 ஆக்கினால் சரியாகிவிடும்.

கீபோர்டு அமைப்பில் தமிழ்99, தெலுங்கு இரண்டையும் சேருங்கள். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும். இந்தக் கீபோர்டுகளில் அடிப்பது யூனிகோடு; அனு அப்படி அல்ல என்பதால், அதில் அடித்த பழைய ஃபைல்களை விண்டோஸில்தான் திறக்க வேண்டும்.

இரண்டிலும் தேவைப்படும் ஃபைல்களை டி டிரைவில் போடுங்கள். உபுண்டு அதைப் படிக்கும். உபுண்டுவின் பார்ட்டிஷனை விண்டோஸ் தானாகப் படிக்காது.

பின்னாளில் உபுண்டு வேண்டாம் என்று தோன்றினால், முதலில் பயாஸில் விண்டோஸை பூட் வரிசையின் முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸ் நேராகத் திறப்பதைப் பார்த்த பிறகே உபுண்டு பார்ட்டிஷனை நீக்குங்கள். மாற்றிச் செய்தால் கறுப்புத் திரைதான் மிஞ்சும்.